“வரவேற்பு மட்டும் சரியில்லை”: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் ஓர் இரவு

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளித் தோழிகள் ஐந்து பேர் எங்காவது போய் இரண்டு இரவு தங்கி வருவோம். ஈப்போவில் ஒரே கான்வென்டில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. மற்றவர்கள் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்வேன் என்பதால் அவர்களே அதை என்னிடம் விட்டுவிட்டார்கள். இந்த முறை ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்திலேயே, பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தங்கலாம் என்று முடிவாயிற்று. மார்ச்சில் எல்லாரும் போவதற்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில் நான் மட்டும் ஓர் இரவு தங்கிப் பார்த்து வந்தேன். இணையத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களை மட்டும் நம்பி நான் யாரையும் கூட்டிப்போவதில்லை.

இணையத்தில் ஒரு விடுதியைப் பற்றிய விமர்சனங்களைப் பெரும்பாலோர் மேலிருந்து நான்கைந்து வாசித்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நான் முதல் விமர்சனத்திலிருந்து தேதி வரிசையில் வாசிப்பேன். அப்படி வாசித்தால்தான் ஓர் இடம் எப்போது நன்றாக இருந்தது, எப்போது சறுக்கியது என்பது தெரியும். இந்த வீட்டுக்குத் தொடக்கத்தில் நல்ல பெயர். பிறகு ஓராண்டுக்கும் மேலாகச் சரிவு. அதன் பிறகு மறுபடி ஏற்றம்.

சரிவுக் காலத்து விமர்சனங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. அறை சுத்தம் என்று எழுதுகிறார்கள். சாப்பாட்டைப் புகழ்கிறார்கள். குளியலறையில் சுடுதண்ணீர் வருகிறது என்கிறார்கள். கடைசி வரியில், “வரவேற்பு மட்டும் சரியில்லை.” மூன்று நட்சத்திரம். இன்னொருவர், “விசேஷத்துக்குப் போகிறவர்கள் யோசித்துத் தங்கவும்.” இரண்டு நட்சத்திரம். சீனர்களும் மலாய்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் அதே மாதங்களில் தங்கி, வரவேற்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. குறை சொன்னவர்களின் பெயர்களைப் பார்த்தால் எல்லாரும் நம்மவர்கள். நாய் குரைத்திருக்கும், அல்லது வீட்டுக்காரி சிடுமூஞ்சியாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மதிப்பு மறுபடி ஏறிய பிறகு வந்த விமர்சனங்களில் எல்லாம், “கலா அக்காவின் அன்பான வரவேற்பு” என்று இருந்தது. சிடுமூஞ்சியை மாற்றிவிட்டார்கள் போலும்.

நான் இருப்பது பெட்டாலிங் ஜெயாவில். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு மின்ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மூத்தோர் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ரயிலில் குளிர் அதிகம், சால்வை அவசியம். தாப்பா ரோடு தாண்டும்போதே தூறல் தொடங்கிவிட்டது. ஈப்போவில் இறங்கியபோது சுண்ணாம்புக் குன்றுகள் ஒன்றும் கண்ணில் படவில்லை. மேகம் ஊரின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

பழைய டவுனில் காப்பி குடிக்கப் போனேன். நட்சத்திரம் மிகுந்த கடையின் முன்னால், குடையைப் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டு கடை தள்ளி இன்னொரு காப்பிக்கடை. ஒரு சீனப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது. கோப்பை விளிம்பில் சிறு விரிசல் இருந்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன். விரிசலைப் பார்த்துவிட்டு வேறு கோப்பையில் இன்னொரு காப்பி கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நான் இருந்தவரை வேறு யாரும் அந்தக் கடைக்குள் வரவில்லை.

தோட்டத்து வீடு ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பேருந்து பிரதான சாலையோடு நின்றுவிடும். கைப்பேசியில் கார் அழைத்தேன். நாற்பத்திரண்டு ரிங்கிட் காட்டியது. ஓட்டுநர் மூர்த்தி என்ற தமிழர், நாற்பது வயதிருக்கும். வண்டி நகர்ந்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“ஆன்ட்டி, எறங்கும்போது அஞ்சு ஸ்டார் குத்திருங்க லா.”

“இன்னும் சாலைக்கே வரவில்லை. நல்லா ஓட்டினா நாலு தருவேன்.”

“நாலா? நாலுன்னா எங்களுக்கு ஃபெயில் ஆன்ட்டி. ரெண்டு பேரு நாலு குத்துனா கம்பெனியிலேருந்து மெசேஜ் வரும்.”

“நான் படித்த பள்ளியில் நூற்றுக்கு எண்பது வாங்கினால் டிஸ்டிங்ஷன்.”

“அந்தப் பள்ளிக்கூடத்துல நான் படிக்கலையே. படிச்சிருந்தா இந்த மழையில ஏன் காடி ஓட்டுறேன்?” சிரித்தார். போகும் இடத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “ஓ, கலா அக்கா வீடா? கல்யாணக் கூட்டமெல்லாம் அங்கதான் தங்கும். ராசியான வீடுன்னு சொல்றாங்க” என்றார்.

உண்மையில் நன்றாகத்தான் ஓட்டினார். பாலத்துக்கு அருகே மட்டும் ஒரு முறை அவசரப்பட்டார். நாலு என்பது தோல்வியாகும் என்றால் அந்த அளவுகோலே பழுது. ஆனாலும் அஞ்சு கொடுத்தேன். அவருடைய பிழைப்பில் அளவுகோலைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ரப்பர் இல்லை. சாலையின் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். வெயில் நாளிலும் அடியில் இருட்டாக இருக்கும், மழை நாளில் கேட்க வேண்டாம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். எஞ்சியது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குடியிருந்த வீடு. கீழே சிமென்டு, மேலே பலகை, முன்னால் அகலமான படி. தோட்டம் கைமாறியபோது இதை விலைக்குக் கொடுத்தார்களாம். நான்கு அறைகள். ஓர் இரவுக்கு, இரவுச் சாப்பாடும் காலைப் பசியாறலும் சேர்த்து, நூற்று நாற்பது ரிங்கிட்.

படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்கு மேல். பச்சைப் பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம். கையில் தட்டு: சந்தனம், குங்குமம், கற்கண்டு, பக்கத்தில் பன்னீர்ச் செம்பு. கல்யாண மண்டப வாசலில் நிற்பதுபோல் நின்றாள். அவள்தான் கலா.

“வாங்கம்மா, வாங்க” என்று செம்பை எடுத்துப் பன்னீர் தெளித்தாள். தட்டை நீட்டும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் திருநீறு மட்டும்தான் வைப்பேன். கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தட்டை மெதுவாகத் திருப்பினாள். குங்குமம் அவள் பக்கம் போயிற்று, கற்கண்டு என் பக்கம் வந்தது. மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. மிகவும் பக்குவமாகத்தான் செய்தாள். நான் ஒரு கற்கண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன; இதைவிட நயமாக யாரும் அதை எனக்கு நினைவூட்டியதில்லை.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொசுவலை கிழிசலில்லாமல் இருக்கிறது. மெத்தை கெட்டி, முதுகுவலிக்காரர்களுக்கு நல்லது. குளியலறைத் தரை வழுக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. சன்னல் திரைகள் துவைத்து மடிப்பு வைத்தவை. இந்த வேலையைச் செய்கிறவர் கண்டிப்பானவர் என்று அப்போதே தெரிந்தது.

சாப்பாட்டை மாலை ஆறரைக்கே வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பு, பாகற்காய்ப் பொரியல், ரசம், மோர்மிளகாய். குழம்பு அபாரம். சோறு மட்டும் ஒரு சுற்றுக் குழைந்திருந்தது. பரிமாறியது கலாதான். “சமைத்தவரைப் பார்க்க வேண்டும்” என்றேன்.

“நான் சொல்லிடுறேம்மா.”

“நல்லதும் கெட்டதும் இருக்கிறது. இரண்டையும் நானே சொல்ல வேண்டும்.”

கலா தயங்கினாள். நான் எழுந்து பின்பக்கம் போனேன்.

அடுக்களையில் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர். நரைத்த கொண்டை, வெளிர்நிறச் சேலை, வெறும் நெற்றி. என்னைப் பார்த்ததும் எழப் போனார். உட்காரச் சொல்லிவிட்டு, குழம்பைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் சொன்னேன்.

“டீச்சரா இருந்தீங்களாம்மா?”

“இல்லை. வரி அலுவலகத்தில்.”

“அது அதவிட மோசமாச்சே” என்றார், நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல். “சோறு கொழைஞ்சது என் தப்புதான். புது அரிசி. ஆனா மூஞ்சிக்கு நேரா வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான்.”

அடுக்களைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரில் மாலை போட்ட ஒரு படம். தொப்பை வைத்த, நன்றாகச் சிரிக்கிற மனிதர். யார் என்று கேட்டேன்.

“என் வீட்டுக்காரரு. லோரி ஓட்டுனாரு. ரெண்டு பேரு ஊழியர் சேமநிதியையும் போட்டு இந்த வீட்ட வாங்குனோம்.”

“அப்படியானால் வீடு...”

“என்னோடதுதான். பேரு புஷ்பம். கலா என் கொழுந்தன் பொஞ்சாதி.”

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே தருகிறேன். கணவர் இருந்தபோது அவர்தான் வாசலில் நிற்பாராம். வருகிறவர்களிடம் வம்பளந்து, பெட்டியைத் தூக்கி, சிறுபிள்ளைகளை லோரியில் ஏற்றிச் சுற்றிக்காட்டி அனுப்புவாராம். மூன்றாண்டுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்த சில வாரத்தில் புஷ்பம் தானே வாசலில் நிற்கத் தொடங்கினார்.

“சனி ஞாயிறுல வர்றதெல்லாம் கல்யாணக் கூட்டம்மா. சுங்கை சிப்புட்லயும் ஈப்போவுலயும் மண்டபம், தங்குறது இங்க. ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. காலையில முகூர்த்தத்துக்குக் கெளம்புறாங்க. காடி வெளிய போறதுக்கு நான் போயி கேட்டத் தொறந்து விட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். காடி நின்னுருச்சு. எல்லாரும் எறங்கித் திரும்ப வீட்டுக்குள்ள வந்தாங்க. ஒக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, மறுபடி கெளம்பணும்ல? நான் தண்ணி மோந்து குடுத்தேன். அதக் குடிக்கல. அவங்க கொண்டுவந்த போத்தல் தண்ணியக் குடிச்சிட்டுப் போனாங்க.”

“ஏதாவது சொன்னார்களா?”

“சொல்லுவாங்களா? ‘எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா, அடுத்த தடவயும் இங்கதான் வருவோம்’னு கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னாங்க. கோலாலம்பூர் திரும்புற வழியில, தாப்பா தாண்டல, போன்ல போட்டுட்டாங்க.”

போட்டது என்ன என்பது எனக்குத் தெரியும். நான் வாசித்திருந்தேன். வரவேற்பு மட்டும் சரியில்லை.

என்னைப் பற்றி ஒன்று இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு என் தங்கை பேத்தியின் திருமணத்தில், அன்பளிப்புகள் வைக்கும் மேசையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மண்டபத்தின் பின்கோடியில் இருந்தது அந்த மேசை. நம்பிக்கையான ஆள் வேண்டும், வரி அலுவலகத்தில் இருந்தவர் என்று என்னைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, தாலி கட்டும்போதுகூட அந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். புஷ்பத்தின் அடுக்களையில் நின்றபோதுதான் அந்த மேசை எதற்கு என்று எனக்கு விளங்கியது.

“கலாவை வாசலில் யார் நிற்க வைத்தார்கள்? கொழுந்தனா?”

“அவனுக்கு என்னாம்மா தெரியும். நான்தான் நிக்கச் சொன்னேன். ஸ்டார் கொறைஞ்சா அந்த ஆப்புல நம்ம வீடு அடியில போயிருது, ஆளு வர்றதில்ல. மூணு மாசம் சும்மா கெடந்துச்சு. யோசிச்சிப் பாத்தேன். சுமங்கலி ஒருத்தி பட்டுச்சேல கட்டி வாசல்ல நின்னா சரியாப் போயிரும்னு தோணுச்சு. சரியாப் போயிருச்சு பாத்தீங்களா?”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கணக்குச் சரியாக வந்தவரின் குரல் அது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கலா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “நான் வேணாம்னுதான்மா சொன்னேன். வாசல்ல நிக்கிறப்ப அக்கா கூடத்துச் சன்னல் வழியாப் பாக்கும். அது பாக்குதுன்னு தெரிஞ்சா எனக்குக் கையே ஓடாது.”

“நீ பன்னீர அளவில்லாம ஊத்துறியே, அதப் பாக்குறேன்” என்றார் புஷ்பம். “போடி, போயி அந்த ரெண்டாம் நம்பர் ரூமுக்குத் தண்ணி வச்சியா பாரு.”

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஐந்து பேர் வருகிறோம், மூன்று பேர் கணவரை இழந்தவர்கள், எங்களுக்குச் சந்தனமும் வேண்டாம் பன்னீரும் வேண்டாம், வீட்டுக்குச் சொந்தக்காரரான நீங்கள் வாசலில் வந்து வாங்க என்று சொன்னால் போதும்.

புஷ்பம் கையிலிருந்த நெத்திலியைக் கீழே வைத்தார். “மூணு பேரா?” என்றார். பிறகு, “சரி, நான் நிக்கிறேன். போட்டோ மட்டும் எடுக்காதீங்க. எடுத்தாலும் அதுல ஏத்தாதீங்க.”

மறுநாள் காலையும் மழை. இட்லியும் நெத்திலிச் சம்பலும் பசியாறினேன். சோறு குழைந்ததற்குப் பதிலாகவோ என்னவோ, இட்லியில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது மணிக்குக் கார் வந்தது. வழியனுப்ப வாருங்கள் என்று புஷ்பத்தைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடம் வரை வந்தார், பிறகு படிவரை. அந்த வீட்டின் முன்பக்கத்தில் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மார்ச் மாத ஈப்போ வெயில் எப்படி இருக்கும், தோழிகளில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது செம்பனைப் பாதையில் ஒரு வேன் திரும்பியது. முன்கண்ணாடியில் வாழைக்குருத்தும் பூவும் கட்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பியபோது படியில் புஷ்பம் இல்லை. கலா தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே தட்டோடு ஓடி வந்தாள்.

ஈப்போ நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என் விமர்சனத்தை எழுதினேன். அறை, மெத்தை, வழுக்கும் தரை, குழம்பு, குழைந்த சோறு எல்லாம் எழுதி, “வீட்டின் உரிமையாளர் திருமதி புஷ்பம். கண்டிப்பும் நேர்மையும் உள்ளவர். விருந்தோம்பல் அவருடையது” என்று முடித்தேன். எப்போதும் போல நான்கு கொடுக்க நினைத்து, மூர்த்தி சொன்னது நினைவுக்கு வந்து, ஐந்து கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அதன் கீழே பதில் வந்தது. “மிக்க நன்றி அம்மா. உங்கள் பாராட்டை எங்கள் சமையல் உதவியாளர் புஷ்பம் அக்காவிடம் தெரிவித்துவிட்டோம். மீண்டும் வருக. கலா, குடும்பத்துடன்.”

உடனே புஷ்பத்தை அழைத்தேன். அப்படிக் கோபத்தோடு நான் யாரையும் அழைத்து வெகுகாலமாயிற்று. கலா எழுதியதைப் படித்தீர்களா, உங்கள் வீட்டில் உங்களைச் சமையல்காரியாக்கிவிட்டாள் என்றேன்.

“நான்தாம்மா அப்படிப் போடச் சொன்னேன்.”

“நீங்களா? ஏன்?” என்றேன்.

“நீங்க ஓனர்னு எழுதிட்டீங்க. அன்னிக்கே ஒருத்தங்க மெசேஜ் போட்டாங்க, ஏப்ரல் மாசத்துக் கல்யாணத்துக்கு. ‘ஓனரம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?’ன்னு கேக்குறாங்க. கலா என்னாக்கா எழுதுறதுன்னு கேட்டா. சமையல்காரம்மாவுக்குப் புருசன் இருக்கானா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா. எனக்கு அதான் வசதி.”

“நான் எழுதியதை எடுத்துவிடவா?”

“ஐயோ வேணாம். கொழம்பப் பத்தி அழகா எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரு அதப் பாத்துட்டு வாரோம்னு சொல்லிட்டாங்க. முடிஞ்சா அந்தச் சோறு கொழைஞ்சத மட்டும் எடுத்திருங்க.”

எழுதியதை நான் திருத்துவதில்லை. தவறாக இருந்தால்தான் திருத்துவேன். அன்று மாலை கைப்பேசியைத் திறந்து, உண்மையாக இருந்த ஒரு வரியை எடுத்தேன். சோறு குழைந்தது அப்படியே இருக்கிறது. “உரிமையாளர்” இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தை, வைகாசி மாதங்களில் அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் எல்லாம் கல்யாணக் கூட்டத்தால் நிறைந்துவிடும். வார நாட்களில் போங்கள். மழைக்குக் குடை போதாது, தோல் செருப்பு ஆகாது. திரும்பி வரக் கார் சுலபத்தில் கிடைக்காது, கொண்டுபோய் விட்டவரிடமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை ஒன்றும் பக்கத்தில் இல்லை. விமர்சனங்களைத் தேதி வரிசையில் வாசியுங்கள், யார் எழுதினார்கள் என்றும் பாருங்கள். நேரில் சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றை ஊர் பார்க்க எழுதாதீர்கள். வீட்டின் பெயரை நான் இங்கே தரவில்லை. இரண்டு பெண்களின் பெயர்களும் மாற்றப்பட்டவை. யாரும் கேட்டு எழுத வேண்டாம்.

மார்ச்சுக்கு ஐந்து பேருக்கும் அறை பதிவு செய்துவிட்டேன். பதிவுப் பக்கத்தில் “சிறப்புக் கோரிக்கைகள்” என்று ஒரு கட்டம் உண்டு. “உரிமையாளரே வாசலுக்கு வர வேண்டும்” என்று அதில் தட்டச்சு செய்தேன். அதைக் கலா படிப்பாள், புஷ்பத்துக்கும் படித்துக் காட்டுவாள், அவருக்கு அது ஒரு கட்டளையாகக் கேட்கும் என்ற நினைப்பு வந்தது. ஓர் எழுத்து விடாமல் அழித்துவிட்டு, கட்டத்தை வெறுமையாக அனுப்பினேன்.